பொய்க்குத் தோற்ற அப்பாவுக்கு

மகனே, மன்னிப்புக் கேட்கமாட்டேன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை அதைத் தேடித் தேடி வாசிக்கிற அலுப்பு உனக்கு வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் உன் மகள் மிதுஷாவை மோட்டார் சைக்கிளில் முன்னால் இருத்திக்கொண்டு, போயிட்டு வாறன் என்று ஒரு சொல் சொல்லாமல் நீ போனாய். உன் அப்பா கேற்றடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஞாயிறு காலை உன் குரல் பதிவு வந்தது. "அம்மா, நீங்க அவக்கிட்ட மன்னிப்புக் கேட்டாத்தான் மறுகா அவள அங்க கூட்டி வருவன்." ஆறு வயதுப் பிள்ளையிடம் அறுபது வயதுக்காரி மன்னிப்புக் கேட்பதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. பிழை செய்திருந்தால் அந்த இடத்திலேயே கேட்டிருப்பேன். நானும் குரல் பதிவிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசி அனுப்புவதை நீ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய் என்று மருமகள் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். எழுத்தை அப்படி ஓட்ட முடியாதே. உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன். நீ செய்ததைப் பாசம் என்று நினைத்துச் செய்கிற அப்பா அம்மாமார் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கோபம் வந்தால் வரட்டும்.

நடந்தது இதுதான். நீ கல்யாணம் முடித்து சித்தாண்டியில் பெண்சாதி வீட்டுக்குப் போன பிறகும், மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது மகளைக் கூட்டிக்கொண்டு பெரியகல்லாற்றுக்கு வருவாய். வந்தால் கறி அடுப்பில் ஏற முதல் செஸ் பலகை பாய்க்கு வந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான். நான் வாசற்படியில் இருந்து இறால் கோது உரித்துக்கொண்டிருந்தேன், இரண்டு பேரும் என் கண்ணுக்கு நேரே மூன்றாவது ஆட்டத்தில். அவள் யோசிக்காமல் ராணியைக் கொண்டுவந்து உன் குதிரை வெட்டுகிற கட்டத்தில் வைத்தாள். நீ அதைக் கண்டாய். நீ கண்டதை நான் கண்டேன். கண்டும் காணாத மாதிரி ஓரத்துச் சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் தள்ளினாய். பிறகு உன் ராஜாவை நீயே மூலைக்குக் கொண்டுபோய் ஒதுக்கி, அவள் "ராஜா மாட்டிட்டாரு!" என்று துள்ள முதலே தலையில் அடித்துக்கொண்டு ஒரு நடிப்பு நடித்தாய். சிரிப்போடு போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாய். அவள் என்னிடம் வந்து குந்திக்கொண்டு கொஞ்சநேரம் இறாலைப் பார்த்தாள். "அப்பம்மா, கடைசியா நான் ராணிய வெக்க முதலே அப்பா தலையில கைய வெச்சிட்டாரு. அப்பா பொய்க்கா தோத்தவரு?" என்று கேட்டாள். நான் "ஓம் புள்ள" என்றேன். என் குற்றம் முழுவதும் அந்த இரண்டு சொல்தான்.

அவள் அழுதாள். நீ ஓடிவந்தாய். உன் தோல்வி பொய் என்று அவளுக்குச் சொன்னேன் என்றேன். "ஆறு வயசுப் புள்ளைக்கிட்டச் சொல்ற கதையா இது? வென்டாத்தானே ஒரு தைரியம் வரும். உங்களுக்கு எல்லாத்துலயும் வெட்டு ஒண்டு துண்டு ரெண்டு. சின்னப் புள்ளையள்ற மனசு உங்களுக்கு எங்க விளங்கப் போகுது?" என்று கத்தினாய். கத்தினதற்கு எனக்குக் கோபம் இல்லை, உன் குரல் என் குரல்தான். ஆனால் கடைசியில் கேட்டாயே, எனக்கு எங்கே விளங்கப் போகிறது என்று, அதைத்தான் விழுங்க முடியவில்லை. பொய்க்குக் கிடைக்கிற வெற்றி ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் இந்த வாவிக்கரையில் இருக்க மாட்டாள். அந்தப் பிள்ளை நீதான். உனக்கு அதில் பாதிக் கதை தெரியும். மற்றப் பாதியை நான் இத்தனை காலமும் சொல்லவில்லை.

உன் அப்பா வெல்டிங் வேலைக்குக் கட்டாருக்குப் போனபோது உனக்கு ஏழு வயது. போக முதல் மூன்று மாதம் உனக்கும் எனக்கும் சேர்த்து செஸ் பழக்கினார். ஒரே மாதிரி இரண்டு பலகை வாங்கினார், ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு மற்றதைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். "நான் அங்க இரிந்தாலும் மகனோட ஒரு விளையாட்டு நடந்துகிட்டு இரிக்கட்டும்" என்றார். அந்தக் காலத்தில் கொமினிகேசன் கடைக்குப் போய்த்தான் அழைப்பு எடுக்கவேண்டும். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. நீ பலகையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, காய்கள் சரிந்துவிடாமல் மெல்ல மெல்ல நடந்து வருவாய். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர்தான் நிற்கலாம். முதலில் நீ உள்ளே போய், சாப்பிட்டதும் படித்ததும் சொல்லிவிட்டு வெளியே போட்டிருந்த மர வாங்கில் இருப்பாய். பிறகு நான் உள்ளே போய் அவர் சொல்கிற நகர்வைக் கொப்பியில் எழுதி, கதவைத் திறந்து உனக்குச் சொல்வேன். நீ யோசித்து ஒரு பதில் சொல்வாய், நான் அதை அவருக்குச் சொல்வேன். ஒரு வெள்ளிக்கு நாலைந்து நகர்வு நடக்கும்.

மூன்றாவதோ நாலாவதோ வெள்ளியில் அப்பா உன் ராணியை வெட்டினார். உன் முகம் சுருங்கிப் போனது. வீட்டுக்கு வருகிற வழியில் பலகையை என்னிடம் தந்துவிட்டு, "அப்பாக்கு என்னில விருப்பமில்ல, அதான் ராணிய வெட்டினவரு" என்றாய். இதைச் சின்னப் பிள்ளைக் கதை என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அல்லது நின்று, "உன்னில விருப்பம் எண்டபடியாத்தான் மனே உன்னோட ஒழுங்கா விளையாடுறாரு" என்று விளங்கப்படுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. தகப்பன் கடல் கடந்து போய் இரண்டு மாதம்கூட ஆகாத பிள்ளை நீ. அடுத்த வெள்ளி அப்பா சொன்ன நகர்வை உனக்குச் சொல்லாமல், அவருடைய கோட்டையை உன் குதிரை வெட்டுகிற கட்டத்தில் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். நீ அதை வெட்டினாய். உன் முகத்தில் வந்த வெளிச்சத்துக்காக அப்போது நான் எந்தப் பொய்யும் சொல்லியிருப்பேன்.

ஆனால் செஸ் பலகையில் ஒரு பொய்யோடு நிற்க முடியாது. உன் பலகை ஒரு மாதிரி, அப்பாவின் பலகை இன்னொரு மாதிரி ஆகிவிட்டது. உன் பதிலை அவருக்குச் சொன்னால் பிடிபட்டுப் போவேன். ஆகவே அவருக்கு என் சொந்த நகர்வைச் சொன்னேன். கொப்பியின் ஒரு பக்கத்தில் நீயும் நானும், மறுபக்கத்தில் அவரும் நானும். அவர் உன்னோடு விளையாடுவதாக நினைத்தார், நீ அவரோடு விளையாடுவதாக நினைத்தாய். நடுவில் கண்ணாடிக் கூண்டுக்குள் நான் இரண்டு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். போனில் இரண்டு பேரும் ஆட்டத்தைப் பற்றிக் கதைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று ஒரு சட்டமும் கொண்டுவந்தேன். "விளையாட்டப் பத்திக் கதைக்க ஒண்ணா. கதைச்சா உங்கட யோசனை மற்றவருக்கு விளங்கிடும்." நீங்கள் இரண்டு பேரும் அதை அப்படியே நம்பினீர்கள். தகப்பனும் மகனும் கதைப்பதற்காக வைத்த விளையாட்டில், கதைக்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான்.

இனி உனக்குத் தெரியாத பாதி. இரண்டு மூன்று மாதத்தில் உன் முகத்துக்காக என்ற காரணம் முடிந்துவிட்டது. உன் அப்பா ஒருநாள் போனில், "என்ன கா, இவன் என்ன தோற்கடிச்சிட்டான்! ரூமில எல்லாரும் பலகையச் சுத்தி நிண்டு பாத்தாங்க. இப்பிடி ஒரு மூள இவனுக்கு எங்கால வந்த?" என்றார். அந்த மூளை என்னுடையது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட எனக்கு, கெட்டிக்காரி என்ற சொல்லைச் சொல்ல அதுவரை ஒருவரும் இருக்கவில்லை. உன் பெயரில் வந்தாலும் பரவாயில்லை என்று அதை வாங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வருமட்டும் அரிசி களையும்போதும் கிணற்றடியிலும் அவருடைய பலகைதான் என் தலைக்குள் நின்றது. உன்னோடு ஆடியதில் எனக்கு ஒரு சுவையும் இல்லை, நீ சந்தோஷமாக வெல்கிற மாதிரி எதையோ தள்ளிவிடுவேன். நீ ஒன்றும் பழகவில்லை. உனக்காக என்று தொடங்கியதை என் ஆசைக்காக இரண்டு வருடம் இழுத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும்.

அப்பா முதல் லீவில் கண்ணகியம்மன் கோயில் வைகாசிச் சடங்கு நேரம் வந்து இறங்கினார். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். இரண்டாம் நாள் அவர் கூடத்தில் பாயை விரித்து, "வாங்க, பாருங்க, என்ர மகன் என்ன ரெண்டுதரம் வென்டவன்" என்று எல்லாரையும் கூப்பிட்டார். நீயும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து இருந்தாய். நீ அவரை அதைவிட எத்தனையோ தரம் வென்றவன் அல்லவா? நான் குசினிக்குள்ளேயே நின்று அடுப்பில் தேத்தண்ணி வைத்தேன். அது கொதிக்க முதல் நீ தோற்றுவிட்டாய். அப்பா பகிடியாகத்தான் கேட்டார், "என்ன மனே, போனில புலி மாதிரி நிண்ட, நேர்ல என்ன நடந்த?" நீ பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு அழாமல் எழும்பிக் குசினி வாசலுக்கு வந்து, "அம்மா, அப்ப நான் ஒருக்காவும் வெல்லல்லயா?" என்று கேட்டாய். ஒன்பது வயது உனக்கு. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னை எத்தனையோ கேட்டிருக்கிறார்கள், இப்படி ஒரு கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

அப்பா என்னை ஏசவில்லை. சொந்தக்காரர்கள் போன பிறகு நான் நடந்ததைச் சொல்ல, கொப்பியை வாங்கி இரண்டு பக்கத்தையும் பார்த்துச் சிரித்தார், என்னையும் மெச்சினார். கொப்பியை மூடும்போதுதான் சொன்னார், "நான் இவ்வளவு நாளும் மகனோட இரிந்தன் எண்டு நினச்சன் கா." அவர் திரும்பிப் போன பிறகு நீ பலகையைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை கூண்டுக்குள் போய், சாப்பிட்டன், படிச்சன் என்று இரண்டு சொல் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவாய். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வேறு கதை இருக்கவில்லை, இருந்த ஒன்றையும் நான் கெடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டில், "புருசன் வெயில்ல காயிறான், இவ புள்ளைக்குச் சூது பழக்கினா, இப்ப பாருங்க" என்று கதைத்தார்கள். புலமைப்பரிசில் வகுப்பு எடுத்த வாத்தியார், காயை உருட்டுகிற நேரத்தில் கணக்கைச் செய்யவிட்டிருக்கலாமே என்றார். அவர்களுக்கு அன்றைக்கும் நான் தலைகுனியவில்லை, இன்றைக்கும் குனியமாட்டேன். பிள்ளையோடு பாயில் இருந்து ஒரு மணித்தியாலம் யோசிப்பதைவிட நல்ல வேலை ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ இல்லை. என் பிழை விளையாடியதில் இல்லை, விளையாடுகிற மாதிரி நடித்ததில் இருக்கிறது. நீயும் சனிக்கிழமை அதைத்தான் செய்தாய்.

பதினொரு வயதில் ஒருநாள் நீயாகவே பலகையைத் தூசி தட்டிக்கொண்டு வந்தாய். "நீங்கதானே அப்பாவ வென்ட ஆள். என்னோட விளையாடுங்க. ஆனா உண்மையா" என்றாய். விளையாடினேன், ஈவு இரக்கம் பார்க்காமல். ஒரு வருடத்துக்கு மேல் நீ தோற்றாய். கோபத்தில் ஒருதரம் குதிரையைக் கிணற்றுக்குள் போட்டாய், அதற்குப் பதிலாக ஒரு போத்தல் மூடியை வைத்து விளையாடினோம். மாரி மழையில் வாவித் தண்ணி வளவுக்குள் ஏறிப் பள்ளிக்கூடம் மூடியிருந்த ஒரு காலையில், உன் இரண்டு கோட்டையும் என் ராஜாவை ஓரத்தில் மடக்கின. நான் மூன்று பக்கமும் தேடினேன், வழியே இல்லை. தோற்ற சந்தோஷத்தில் நிமிர்ந்து பார்த்தேன். நீ பலகையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "சத்தியமா அம்மா?" என்றாய். கண்ணகியம்மன் மேல் சத்தியம் செய்தேன். "சரி" என்று சொல்லிவிட்டுக் காய்களைப் பெட்டிக்குள் போட்டாய். அவ்வளவுதான். துள்ளவில்லை, சிரிக்கவில்லை. உன் முதல் உண்மையான வெற்றியை நீ நம்பவில்லை, மகனே. இன்றைக்காவது நம்புகிறாயா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் முழு மூச்சாகத்தான் விளையாடினேன், நீ வென்றாய். அந்தச் சந்தோஷத்தை உன்னிடமிருந்து எடுத்தவள் நான். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், நாலு பேர் பார்க்கக் கேட்கிறேன். சனிக்கிழமைக்கு மட்டும் கேட்கமாட்டேன்.

ஆறு வயதுப் பிள்ளையை நசுக்கச் சொல்கிறாயா என்று நீ கேட்பாய். இல்லை. உன் ராணியையும் இரண்டு கோட்டையையும் எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு விளையாடு, ஆனால் அவள் பார்க்கப் போடு. "அப்பாக்கு இவ்வளவு காய்தான், உனக்கு எல்லாம் இரிக்கு" என்று சொல்லிப் போடு. பிறகு மிச்சக் காய்களை வைத்துக்கொண்டு உன் முழு மூளையோடும் விளையாடு. அதிலே அவள் வென்றால் அது அவளுடையது, அதை ஒருவரும் திருப்பி எடுக்க முடியாது. ஒரு கோட்டையைத் திருப்பி வைக்கச் சொல்லி அவளே கேட்கிற நாள் வரும், அன்றைக்கு அவள் நடக்கிற நடையைப் பார். அதுவும் கஷ்டம் என்றால் இரண்டு பக்கமும் சிப்பாய்களை மட்டும் வைத்து, யாருடையது முதலில் அந்தக் கரையைத் தொடுகிறது என்று விளையாடுங்கள், அந்த விளையாட்டில் நீயே தோற்றாலும் தோற்பாய். அவள் பசியோடு இருக்கும்போது பலகையை எடுக்காதே. தோற்றதும், நீ இப்படி வைத்திருக்கவேண்டும் அப்படி வைத்திருக்கவேண்டும் என்று பாடம் எடுக்காதே, உனக்கு அந்த வியாதி இருக்கிறது. பிழையான இடத்தில் காயை வைத்தால், ஒருதரம் திருப்பி யோசிக்கச் சொல்லலாம், அதையும் வாயால் சொல்லு. அழுதால் அழட்டும், பக்கத்தில் இரு. மருமகளையும் பாயில் இருத்து, எங்கள் வீட்டில் எவ்வளவு காலம் ஒரு பொம்பிளை கூண்டுக்குள் நின்று விளையாடினாள் என்று உனக்கு இப்போது தெரியும். இதெல்லாம் புத்தகத்தில் படித்துச் சொல்வதில்லை, கெடுத்துப் பழகியவள் சொல்கிறேன்.

நீ அவளைக் கூட்டி வராவிட்டால் எனக்கு வலிக்கும். இரண்டு சனிக்கிழமை பொறுப்பேன், மூன்றாவது சனிக்கிழமை சித்தாண்டி பஸ்ஸில் ஏறி உன் மாமியார் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். அங்கே வந்தும் அவள் கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன். நீ வாசலில் நிறுத்தினாலும் வாசலில் நின்று சொல்வேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவள் ஏன் அழுதாள் என்று நீ என்னைக் கேட்கவில்லை. தோற்றுப் போனோம் என்று தெரிந்து அழுததாக நினைத்தாய். நான் "ஓம் புள்ள" என்று சொன்னபோது அவள் அழவில்லை. என் மடியில் சாய்ந்துகொண்டு உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் நீ போனில் யாருக்கோ, "மகள் இண்டைக்கு என்ன மூணுதரம் வென்டுட்டாள்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். அதைக் கேட்டபிறகுதான் அவளுக்குக் கண் நிறைந்தது. என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னாள். "அப்பாக்கிட்ட நான் சொல்ல மாட்டன் அப்பம்மா, அவரு கவலப்படுவாரு. நீங்க சொல்லுங்க, இனி என்னோட உண்மையா விளையாடச் சொல்லி."

சொல்லிவிட்டேன்.